இரண்டு ஊர் வரி

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் நிலா கையில் கத்தரிக்கோலோடு என் துணி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாடகத்துக்கு அவளுக்கு ஒரு ‘இந்தியத் துணி’ வேண்டுமாம். பதினைந்து வயசுப் பெண். தீபாவளிக்குப் பாவாடை கட்டிக்கொள்ளச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், நாடகம் என்றால் மட்டும் அம்மாவின் அலமாரி ஞாபகம் வரும்.

தேடித் தேடி அவள் எடுத்தது ஒரு ரவிக்கை. மயில் நீலம். இரண்டு கையிலும் மெஷினில் போட்ட மாங்காய்ப் பூவேலை. கழுத்துப் பட்டியில் விலைச் சீட்டு அப்படியே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நிலா அந்த நூலுக்குக் கீழே கத்தரியை வைத்தாள்.

“வெட்டாதே!” என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தம் போடக் கூடாத ஊர் இது. துணி துவைக்கும் மெஷின் ஓடினாலே கீழ் வீட்டு அம்மாள் கதவைத் தட்டுவாள். நான் போட்ட சத்தத்தில் நிலா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள்.

“அம்மா, இது வெறும் டேக்.”

“இருக்கட்டும்.”

“ஆறு மாசமா தொங்குது. நீ போடவே இல்ல. ஏன்?”

சமையலறைக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். அழுவதற்கு அதைவிட வசதியான இடம் ஹாம்பர்க்கில் எனக்குத் தெரியாது. ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் திட்டுங்கள். ஒரு வருஷமாக உள்ளே வைத்துப் புழுங்கியது போதும், எழுதிவிடுகிறேன்.

2

திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள் நான். பதினேழு வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறேன். ஒரு துறைமுகத்தை விட்டு இன்னொரு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் இங்கே கிரேன் பழுது பார்க்கிறார். நான் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வருகிற ரத்தக் குழாய் ஒவ்வொன்றின் மேலும் இருக்கிற நம்பரும் சீட்டில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. ஸ்டிக்கர் இல்லாத குழாய் வந்தால் குப்பையில் போட்டுவிட வேண்டும். அது யார் ரத்தமாக இருந்தாலும் சரி.

வந்த புதிதில் எதை எடுத்தாலும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பேன். ஒரு கட்டுக் கொத்தமல்லியின் விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த நாட்கள் உண்டு. இந்த மொழியில் எண் சொல்கிற லட்சணம் வேறு. நாற்பத்து மூன்றை ‘மூன்றும் நாற்பதும்’ என்பார்கள். கல்லாவில் இருந்த பெண் அப்படிச் சொல்ல, நான் முப்பத்து நான்கை எண்ணி வைத்துவிட்டு, அவள் ஏமாற்றுகிறாள் என்று தமிழிலேயே முணுமுணுத்தேன். இன்றைக்கும் பில்லை வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே நின்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன். நிலா பத்தடி தள்ளி நின்று, யாரோ மாதிரி வானத்தைப் பார்ப்பாள்.

நம் ஊரில் பாக்கெட்டின் முதுகில் அச்சடித்திருக்கிற விலைதான் விலை. எல்லா வரியும் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டால் கடைக்காரனைத் தெருவில் நிறுத்திவிடுவோம். ஜெர்மனியிலும் அப்படித்தான், அலமாரியில் போட்டிருக்கிற விலைக்குள்ளேயே வரி உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டுச் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு நூற்றுக்கு ஏழு, மற்றதற்கெல்லாம் பத்தொன்பது. டொராண்டோவில் இருக்கும் என் தோழியின் கதை வேறு. அங்கே அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை. போய் ஏழு வருஷம் ஆகியும் ஒவ்வொரு தடவையும் கல்லாவில் ஏமாந்த மாதிரியே இருக்கிறது என்று புலம்புவாள்.

எங்களுக்கு வடக்கே டென்மார்க். அங்கே வரி நூற்றுக்கு இருபத்தைந்து. சனிக்கிழமை ஆனால் அந்த ஊர்க்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்து பீரும் மிட்டாயும் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நம் ஆட்கள் பாண்டிச்சேரிக்குப் போய்வருகிற அதே முகம், அதே அவசரம். சரக்கு ஒன்றுதான், ஒவ்வொரு எல்லையிலும் ஆள்கிறவன் எவ்வளவு கையை நீட்டுகிறான் என்பதில்தான் பாதி விலை இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும் என்கிற மிதப்பு எனக்கு இருந்தது. அந்த மிதப்பில்தான் அண்ணனுக்கு ஒரு யோசனை சொன்னேன்.

3

அண்ணன் செல்வத்துக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ரவிக்கைக் கடை. ரெடிமேடும் உண்டு, அளவு கொடுத்தால் தைத்தும் தருவார். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு. வீட்டுப் பெண்கள் யார் எதை எடுத்தாலும் அதில் ‘வூடு’ என்று ஒரே வார்த்தை எழுதுவார், விலை எழுத மாட்டார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் நான்கைந்து ரவிக்கைகளின் விலைச் சீட்டைப் பல்லாலேயே கடித்துப் பிய்த்துவிட்டு என் பையில் திணிப்பார். ‘வூடு’ என்று ஒரு வரி ஏறும்.

பக்கத்துக் கடைகளில் எல்லாம் எம்பிராய்டரி மெஷின் வந்துவிட்டது. அண்ணன் கடைக்கு வந்த கல்யாணப் பெண்கள் படியிறங்கி எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். சென்னையில் அவர் விசாரித்த மெஷின் வெளிநாட்டுச் சரக்கு. கப்பலில் வந்து இறங்கியதும் அதன் மேல் சுங்கத் தீர்வை, தீர்வையையும் சேர்த்த தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் ஏஜென்ட் லாபம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதே மெஷின் ஹாம்பர்க் கடையில் ஆயிரம் யூரோ. அதிலும் நூற்று அறுபதுக்குக் கிட்ட வரி.

“அண்ணா, நீ வந்து வாங்கினா அந்த வரியையும் ஏர்போர்ட்ல திருப்பித் தருவான்” என்று போனில் சொன்னேன்.

“இன்னாத்துக்குத் தரான்? மாமனா மச்சானா?”

“பொருள் இந்த ஊர்ல இருக்கப் போறதில்ல இல்ல. இங்கேயே வெச்சிருந்தாத்தான் இங்கே வரி. நம்ம ஊருக்கு எடுத்துட்டுப் போனா அங்கே கட்டணும்.”

“அப்ப, பொருளு எங்க வாழப் போவுதோ அந்த ஊருக்குத்தான் வரி. அப்டித்தானே?”

“அப்படித்தான்.”

“நீயே வாங்கியாந்துடேன். ஒன்கிட்ட இன்னும் நம்ம ஊரு பாஸ்போட்டுதானே கீது?”

“பாஸ்போர்ட்டைப் பார்க்க மாட்டான் அண்ணா. எங்கே குடியிருக்கோம்னுதான் பார்ப்பான். நான் இங்கே குடியிருக்கிறவ. எனக்குத் தர மாட்டான்.”

எப்படியும் என் வீட்டை ஒரு தடவையாவது அவர் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல நாள் ஆசை. டிக்கெட் நான் எடுத்தேன். மெஷினுக்காக அண்ணி தன் சங்கிலியையும் கம்மலையும் அடகு வைத்தார். வரிப் பணம் திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கம்மலை மீட்டுவிடுவது என்று முடிவானது. அதுவரை அண்ணி காதில் கவரிங்.

விசாவுக்காக நான் இங்கே ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தேன். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகைப் பத்திரம், வீட்டின் சதுர மீட்டர், எல்லாம் கேட்டார்கள். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த மனிதர் இந்த நாட்டில் இருக்கும் வரைக்கும் இவருக்கு நானே பொறுப்பு என்று. எங்கள் அப்பா செத்தபிறகு என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அண்ணன். அவருக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிற நாள் வந்ததில் எனக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. பேருந்தில் வரும்போது அந்தத் தாளை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

4

போன வருஷம் ஜூன் மாதம் அண்ணன் வந்தார். இரண்டு வாரம் இருந்தார். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இரண்டு வாரம் அது என்றுதான் பதிமூன்றாம் நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். நிலாவும் அவரும் ஒட்டிக்கொண்டார்கள். அவளுக்குத் தெரிந்த இருநூறு தமிழ் வார்த்தைகளையும் அவரிடம் செலவழித்தாள். அவர் பேசுகிற தமிழ் அவளுக்குப் பாதி புரியாது, ஆனாலும் ‘இன்னா மாமா’ என்று சொல்லப் பழகிவிட்டாள்.

மெஷினை வாங்கினோம். கடைக்காரர் வரித் திருப்பப் படிவத்தில் அண்ணனின் சென்னை விலாசம், மெஷினின் வரிசை எண் எல்லாம் எழுதிக் கொடுத்தார். விமான நிலையத்தில் சுங்க முத்திரை வாங்கினால் பணம். அவ்வளவுதான் வேலை.

இங்கே எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹார்பரில் சரக்கு எண்ணுகிற டாலி கிளார்க்காக இருந்தவர். எங்கள் தெருவில் சிங்கப்பூருக்கோ குவைத்துக்கோ போகிறவர்கள் எல்லாரும் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பாடம் இதுதான். அட்டைப் பெட்டியோடு எதையும் கொண்டுவராதே. ஸ்டிக்கரை உரி. டேக்கைக் கிழி. கொஞ்சம் எண்ணெய் தடவு. பழைய லுங்கியில் சுற்று. புதுசைக் கண்டால்தான் கஸ்டம்ஸ்காரன் கண் உறுத்தும், பழசை எவனும் கேட்க மாட்டான். எங்கள் பக்கத்தில் இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. பயணம் கிளம்புகிறவன் எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்தில் வைக்கிற மாதிரி, அதுவும் ஒரு சாங்கியம்.

கிளம்புகிற நாள் காலையில் விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்னால் சுங்கக் கவுன்ட்டருக்குப் போனோம். நான், அண்ணன், நிலா. மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள் அதிகாரி. நல்ல முகம். படிவத்தைப் பார்த்தாள், சாமானைக் காட்டச் சொன்னாள்.

அண்ணன் பெருமையாகப் பெட்டியைத் திறந்தார். கட்டம் போட்ட லுங்கி. அதற்குள் என் வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டர். அதற்குள் மெஷின். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, மேலே பவுடர். நெற்றி மாதிரி இருக்கிற இடத்தில் மஞ்சள் வைத்து, நடுவில் குங்குமம். பின்பக்கத்தில் வரிசை எண் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் சுரண்டிய தடம் மட்டும்.

“அண்ணா, அட்டைப் பெட்டி எங்கே?”

“நேத்தே பிரிச்சிட்டேன்மா. பாப்பாதான் நீலக் குப்பைத் தொட்டில போட்டுட்டு வந்துச்சி. அப்பா சொன்ன மாரியே பண்ணிட்டேன். இனிமே நம்ம ஊர்ல எவனும் கேக்க மாட்டான்.”

நிலாவைப் பார்த்தேன். காகிதத்தைக் காகிதத் தொட்டியில் போட்ட நல்ல பிள்ளையாக நின்றாள்.

“பில்லில் இருக்கிற எண் இந்த இயந்திரத்தில் எங்கே?” என்று அதிகாரி கேட்டாள். “இது எத்தனை வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது?”

போன வாரம் வாங்கியது என்றேன். அவள் குங்குமத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. இதே மெஷின்தான் இது என்று நிரூபிக்க முடியாவிட்டால் முத்திரை போட முடியாது என்று சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஸ்டிக்கர் இல்லாத குழாயை நானும் அப்படித்தானே தூக்கிப் போடுகிறேன்.

நான் கெஞ்சியிருக்கலாம். கடைக்குப் போன் போட்டுப் பேசச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம் சண்டை போட்டிருக்கலாம், வாய் எனக்கு இல்லாததா. ஆனால் அந்த வரிசையில் இருந்த கண்கள் எல்லாம் என் முதுகில் இருந்தன. அந்தச் சமயத்தில் எனக்குப் பணம் முக்கியமாக இல்லை, அண்ணன் முக்கியமாக இல்லை. நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியமாக இருந்தது.

சிரித்துக்கொண்டே ஜெர்மனில் சொன்னேன். “மன்னித்துவிடுங்கள். இவர்கள் ஊரில் இப்படித்தான். சுங்கத்தை ஏமாற்றிப் பழகிவிட்டார்கள்.”

எங்கள் ஊரில் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த அம்மாள் என்னோடு சேர்ந்து சிரிக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இன்னாமா சொல்றாங்க?” என்றார் அண்ணன்.

“முடியாதாம். உன்னால மானம் போச்சு, மூட்டையைக் கட்டு.”

அவர் மெஷினை ஸ்வெட்டரில் சுற்றி, லுங்கியில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி திரும்பப் பெட்டியில் வைத்தார். நான் கைகட்டிக்கொண்டு நின்றேன். நிலாதான் அவருக்கு ஜிப்பை இழுத்துவிட்டாள். பாதுகாப்புச் சோதனை வாசல் வரைக்கும் அவளே அவரோடு போனாள். நான் வண்டி நிறுத்தத்துக்குக் காசு கட்டுகிற மெஷினிடம் போய் நின்றுகொண்டேன்.

5

அதற்குப்பிறகு போன் செய்தால் எடுப்பார். “நல்லாகீறேன்மா. நீ நல்லாகீறியா? பாப்பா?” என்பார். பிறகு, கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிடுவார். நிலாவோடு மட்டும் வாட்ஸ்அப்பில் ஏதேதோ படம் அனுப்பிக்கொள்வார். அவள் என்னிடம் காட்ட மாட்டாள்.

நூற்று அறுபது யூரோவை நானே அனுப்புகிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். “எதுக்கு?” என்றார். போனை வைத்துவிட்டேன். ஆய்வகத்தில் ஸ்டிக்கர் இல்லாத குழாய் வரும்போதெல்லாம் குங்குமம் வைத்த அந்த மெஷின்தான் கண்ணில் நின்றது.

டிசம்பர் கடைசியில் லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். நிலா வரவில்லை. பள்ளியில் பனிச்சறுக்குப் பயணம், அதற்கு ஆறு மாதம் முன்பே பணம் கட்டியாகிவிட்டதாம். மாமாவுக்கு ஒரு சாக்லெட் டப்பா மட்டும் கொடுத்தனுப்பினாள்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம் போல ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. டாக்சிக்காரர் ஒன்றரை மணி நேரம் ஹாரன் அடித்தார். வீட்டு வாசலில் இறங்கினதுமே மாடிப்படிக்கு அடியில் பார்த்தேன். அண்ணனின் ஸ்கூட்டர் நிற்கிற இடம் அது. தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன.

அண்ணி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். காதில் கம்மல் மின்னியது. கவரிங் இல்லை, சொந்தக் கம்மல்.

“பாத்தியா மலரு?” என்று காதைத் திருப்பிக் காட்டினார். “ஒங்க ஊருக்காரன் நாணயமானவன்தான். சொன்ன மாரியே வரிய திருப்பிக் குட்த்துட்டான். ஒங்கண்ணன் வந்த வாரமே போயி மூட்டுக்கினு வந்துட்டாரு. நான் தெருவெல்லாம் சொல்லிட்டேன், எங்க நாத்தனாரு கீற ஊர்ல வரியக்கூடத் திருப்பித் தராங்கன்னு.”

அண்ணியின் தோளுக்கு மேலாக அண்ணனைப் பார்த்தேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்ணி, விமானக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு ரசம் ஊற்றினார்.

6

மறுநாள் காலை அண்ணனோடு கடைக்குப் போனேன். மெட்ரோவில் போனோம். ரயில் வந்து நின்றதும் கேட்டேன்.

“வண்டி எங்கண்ணா?”

“அதான் மெட்ரோ உட்டுட்டான் இல்ல. அப்பால வண்டி எதுக்கு? பெட்ரோல் விக்கற வெலைக்கு.”

கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, மெஷினைத் துடைத்தார். உள்பக்கச் சுவரை ஒட்டி அது இருந்தது. குங்குமம் இன்னமும் இருந்தது. வாடிக்கையாளர் யாரும் வரவில்லை, எனக்கும் இனிமேல் தாங்காது.

“வண்டியை வித்துத்தானே கம்மலை மீட்டே? அண்ணிகிட்ட ஏன் வரி வந்துச்சுன்னு சொன்னே?”

“பின்ன இன்னா சொல்லச் சொல்றே? எங்கூட்டுப் பொண்ணு கீற ஊர்ல என்ன நிக்க வெச்சி அனுப்ச்சாங்கன்னா? வூட்ல ஒன்னப் பத்தி ஒரு பேச்சு வர்றதுக்கு நான் உடுவனா?”

“வண்டிக்கு அதைவிட அதிகமா வந்திருக்குமே.”

“வந்துச்சி. பாதி கம்மலுக்கு. மீதி, நம்ம ஏர்போட்ல வரிக்குக் கைமாத்து வாங்கிக் கட்னேன் இல்ல, அத்த அடச்சிட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. “நம்ம ஊர்லயும் பிடிச்சிட்டாங்களா?”

“எவனும் புடிக்கல. நானாத்தான் வரி கட்றவங்க போற செவப்பு வழில போயி நின்னேன். அந்த சாரு மெஷினப் பாத்துட்டு, ‘பழைய மெஷின்தானேய்யா, போய்யா’ன்றாரு. நான் பில்ல நீட்டி, ‘இல்ல சார், புச்சு. போன வாரம் வாங்னது. வரி போட்டுக்குங்க’ன்னேன். அவரு என்ன ஒரு மாரியாப் பாத்தாரு. லூசுன்னு நெனச்சிருப்பாரு.” சிரித்தார். “ரெண்டு ஊரு வரியும் கட்டிட்டேன்மா. கணக்குப் பாத்தா இங்கியே ஏஜென்ட்டுகிட்ட வாங்கியிருக்கலாம், வண்டியாவது மிஞ்சியிருக்கும்.”

“ஏண்ணா அப்படிப் பண்ணே?”

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“நீ சொன்னியேமா. இவுங்க ஊர்ல கஸ்டம்ஸ ஏமாத்திப் பழகிட்டாங்கன்னு.”

கடைக்கு வெளியே தெரு இரைந்துகொண்டிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

“பாப்பாதான் சொல்லிச்சி. நான்தான் கேட்டேன், அம்மா அந்தம்மாகிட்ட இன்னா சொல்லிச்சின்னு. அதுக்கு மறச்சிப் பேசத் தெரியல, அப்டியே சொல்லிட்ச்சி. அத்த ஒண்ணும் கேக்காத, கொழந்த.” நூல் ஒன்றை எடுத்து ஊதிவிட்டார். “ஃப்ளைட்ல ஒக்காந்து யோசிச்சிகினே வந்தேன். நம்ம அப்பாவையும் சேத்துதானே நீ சொல்லிட்டியேன்னு மொதல்ல கோவம் வந்துச்சி. அப்பால, நெசந்தானேன்னும் பட்டுச்சி. அதான், போயி கட்டிட்டேன்.”

அவர் காலில் விழத்தான் தோன்றியது. கல்லாவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிச்சிடுண்ணா என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ரவிக்கை பார்க்க வந்த ஒரு அம்மாள் வாசலிலேயே தயங்கி நின்று, திரும்பிப் போய்விட்டாள்.

“ஏய், அழுவாத. யாவாரம் கெடுது பாரு” என்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். “உடு மலரு. நீதானே சொன்னே, பொருளு எங்க வாழப் போவுதோ அந்த ஊருக்குத்தான் வரின்னு. நான் ரெண்டு வாரம் வந்து போறவன். நீ அங்க வாழ்றவ. அங்க இன்னா கட்டணுமோ அத்த நீ கட்டித்தான் ஆவணும். எனக்கு அது புரிஞ்சி போச்சி.”

அவர் மன்னித்துத்தான் சொன்னார். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஹாம்பர்க் திரும்புவதற்கு முந்தின நாள் கடையில் ஒரு ரவிக்கையை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். மயில் நீலம். அந்த மெஷினில் போட்ட முதல் மாங்காய் வேலை, எனக்கென்று எடுத்து வைத்திருந்தாராம். சீட்டைப் பல்லால் பிய்ப்பார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பிய்க்கவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை. பில் புத்தகத்தைத் திறந்து, கார்பன் வைத்து, விலை, அதற்கு ஐந்து பர்சன்ட் ஜி.எஸ்.டி., மொத்தம் என்று நிதானமாக எழுதினார். என் பையைத் திறக்கப் போனேன்.

“துட்டு வாணாம். நான் போட்டுக்கறேன். பில்லு மட்டும் வெச்சிக்கோ. டேக்க கிழிக்காத, ஒங்க ஊரு ஏர்போட்ல கேட்டா காட்டணும் இல்ல.”

கிண்டலா, அக்கறையா? முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த வாடிக்கையாளருக்கு அளவு எடுக்க டேப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஹாம்பர்க்கில் இறங்கினபோது பில்லைக் கையிலேயே வைத்திருந்தேன். யாரும் எதையும் கேட்கவில்லை. பச்சை வழியாக வெளியே வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்து முடித்ததும் நிலா சமையலறைக்கு வந்தாள். அவளுக்கு இதையெல்லாம் சொன்னேன். எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். “நான் மாமாகிட்ட சொன்னது தப்பா?” என்றாள். இல்லை என்றேன். அவள் போய் ரவிக்கையோடு மடித்து வைத்திருந்த பில்லை எடுத்து வந்தாள். நான் கட்டாயப்படுத்தி மூன்று வருஷம் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியதில் அவளுக்கு எழுத்துக் கூட்ட வரும். பில்லின் மேல் வரியில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

“ம... லர்... மலர்விழி. ஹாம்... பர்க்.”

பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

“மாமா ஏன் ஹாம்பர்க்னு எழுதியிருக்காரு? நீ திருவொற்றியூர்தானே அம்மா?”